மூன்று மாவும் ஒரு தேங்காயும்

"இண்டைக்கும் புட்டோ அம்மா?"

யாழ்ப்பாணத்து வீடுகளில் விடிய ஆறரைக்கு அதிகம் கேட்கிற கேள்வி இதுவாகத்தான் இருக்கும். கேட்கிற பிள்ளையின் பக்கமும் நியாயம் உண்டு. திங்கள் புட்டு, செவ்வாய் இடியப்பம், புதன் பாண் (ரொட்டிக்கடை பிரெட்), வியாழன் மறுபடி புட்டு. எல்லாவற்றுக்கும் அதே செத்தல் மிளகாய்ச் சம்பல், தேங்காய்ப்பாலில் வைத்த அதே மஞ்சள் சொதி. புட்டும் இடியப்பமும் ஒரே ரின்னில் (டின்னில்) அள்ளிய ஒரே மா. ஒன்றைக் கொத்தி அவித்தோம், மற்றதைப் பிழிந்து அவித்தோம். பெயர் இரண்டு, நாக்குக்கு ஒன்றுதான்.

இந்த அலுப்புக்கு மருந்தாக ஓட்ஸ் பைக்கற்றும் கோர்ன்பிளேக்ஸ் பெட்டியும் வாங்குகிறோம். முதல் வாரம் ஓடும். மூன்றாம் வாரம் பெட்டி அலுமாரிக்குள் நமுத்துக் கிடக்கும். எங்கள் காலைச் சாப்பாடோ மாற்றிப் போடுவதற்கென்றே அமைந்தது போன்றது. மா ஒன்று, அதை ஆக்குகிற விதம் ஒன்று, குழைத்துச் சாப்பிடப் பக்கத்தில் ஒன்றிரண்டு. இவற்றில் எதை மாற்றினாலும் கோப்பையில் இருப்பது வேறு சாப்பாடு. அதில் பெரிய வித்தியாசத்தைத் தருவது மா. என்ன மா என்பது காலையில் முடிவாவதில்லை, மா வறுக்கிற நாளில் முடிவாகிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரத்தை மாவுக்குக் கொடுத்தால், மற்ற நாட்களில் விடிய யோசிக்கத் தேவையில்லை.

முதல் ரின் வறுத்த அரிசி மா. ஒரு கிலோ சிவப்புப் பச்சை அரிசியைக் களைந்து, கல் அரித்து, நாலு மணித்தியாலம் ஊற விட வேண்டும். பிறகு தண்ணீரை வடித்து அரை மணித்தியாலம் வைத்தால் அரிசி ஈரமாக இருக்கும், கையில் தண்ணீர் ஒட்டாது. மில்லுக்குக் கொண்டுபோகிற பதம் அதுதான். தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுபோனால் மெசினில் களியாக ஒட்டும். திரித்து வந்ததை உடனே அரிதட்டில் அரிக்க வேண்டும். ஈரமாவை மூடிய பையில் இரவு முழுக்க விட்டால் புளித்த மணம் ஏறிவிடும், பிறகு எவ்வளவு வறுத்தாலும் அது போகாது. அரிதட்டில் மிஞ்சுகிற கப்பியை எறியாமல் கஞ்சிக்கு எடுத்து வையுங்கள்.

வறுக்கிறபோது தாச்சியை நிரப்பக் கூடாது. அரைக் கிலோவாகப் பிரித்து, நடுத்தர நெருப்பில், அடிவரை அகப்பை போகும்படி கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் சில நிமிடம் மா கட்டி கட்டியாகத் திரளும், ஆவி எழும்பும், அகப்பை பாரமாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஆவி அடங்கி, அகப்பை இலேசாகி, மா தண்ணீர் போல ஓடத் தொடங்கும். ஒரு சிட்டிகை எடுத்துக் கோலம் இழுப்பது போல நிலத்தில் இழுத்துப் பார்த்தால் கோடு அறாமல் விழும். அதோடு இறக்கிவிட வேண்டும். நிறம் மாறும்வரை நின்றால் மா காய்ந்து பிடிப்பை இழக்கும், அந்த மாவில் பிழிந்த இடியப்பம் தட்டில் இருந்து எடுக்கிறபோதே துண்டு துண்டாக உடையும். ஈரம் போகுமுன் இறக்கினாலோ ரின்னுக்குள் ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். வறுத்ததைப் பரந்த துணியில் கொட்டி, நன்றாக ஆறிய பிறகு இன்னொரு தரம் அரித்து அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் மூடியில் வேர்வை கட்டும், மா கெடுவது அங்கேதான் தொடங்கும். இடியப்பத்துக்கு நுண்ணிய கண் அரிதட்டு. புட்டுக்குக் கொஞ்சம் பெரிய கண் போதும், மா சற்றுக் குறுணியாக இருந்தால்தான் புட்டு பொலபொலவென்று வரும்.

அரிசி எது என்பதும் ருசியை மாற்றும். மொட்டைக்கறுப்பன் போன்ற நாட்டு அரிசியில் வறுத்த மாவுக்கு ஒரு வாசம் உண்டு, கடைப் பைக்கற் மாவில் அது கிடையாது. தை, மாசியில் அறுவடையாகி வருகிற புது அரிசி குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். வழக்கமான அளவுக்குத் தண்ணீர் விட்டால் புட்டு களியாகிவிடும். அந்த மாதங்களில் "மா சரியில்லை" என்று மில்காரரைக் குறை சொல்கிறவர்கள் கெற்றில் (கேத்தல்) தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ரின் அவித்த கோதுமை மா. ஒரு கிலோ கோதுமை மாவை மெல்லிய துணியில் இறுக்காமல் பொட்டலமாக்கி, நடுவில் விரலால் ஒரு குழி விட்டு, நீராவியில் முக்கால் மணித்தியாலம் அவிக்க வேண்டும். அந்தக் குழி வழியாகத்தான் ஆவி நடுவரை போகும், இல்லாவிட்டால் நடுமா பச்சையாகவே நிற்கும். எடுத்தவுடன் சூட்டோடு உடைத்து அரிக்க வேண்டும். ஆறவிட்டால் கல்லாகிவிடும், பிறகு அம்மிக் குழவிதான் வேண்டும். கோதுமையில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து றப்பர் போல இழுபடும். நீராவியில் அவித்தால் அந்த இழுவைத் தன்மை போய்விடும். அவிக்காத கோதுமை மாவில் புட்டுக் கொத்தினால் ரொட்டிக்குப் பிசைந்தது போல ஆவதற்குக் காரணம் இதுதான்.

இந்த இரண்டும் அநேகமான வீடுகளில் இருக்கும். வித்தியாசத்தைக் கொண்டுவருவது மூன்றாவது ரின். அதில் ஒரு மாதம் குரக்கன் (கேழ்வரகு), ஒரு மாதம் உழுத்தம்மா, ஒரு மாதம் பனங்கிழங்கில் வருகிற ஒடியல் மா என்று மாறி மாறி வர வேண்டும். கால் கிலோ, அரைக் கிலோ போதும். 2022இல் கோதுமை மாவின் விலை ஏறி, காஸும் கிடைக்காமல் போன மாதங்களில் பல வீடுகளில் குரக்கன் ரின் திரும்பவும் அலுமாரிக்கு வந்தது. மா விலை இறங்கியதும் அதைத் திரும்பவும் மூலையில் வைத்துவிட்டது வீண். 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவில் கல்சியம் உண்டு, அரிசியில் அதில் சிறு பங்கும் இல்லை. வளர்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில் கிழமைக்கு ஒரு காலையாவது குரக்கனுக்கு ஒதுக்கத்தான் வேண்டும்.

புட்டைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். கைப்பழக்கத்தில் செய்கிறவர்களுக்கு அளவு தேவையில்லை. ஆனால் மாவை மாற்றுகிற நாளில் கை ஏமாற்றும். நாலு பேருக்கு வறுத்த அரிசி மா ஒரு சுண்டு, அவித்த கோதுமை மா ஒரு சுண்டு. சுண்டு என்று சொல்வது ரின்பால் பேணி அளவு, நாலு சுண்டு ஒரு கொத்து. உப்பு முக்கால் தேக்கரண்டி. கெற்றில் கொதித்த தண்ணீரை இறக்கி, கொதி அடங்கியதும், மூன்று தரமாகச் சுற்றி ஊற்றி அகப்பைக் காம்பால் கிண்ட வேண்டும். மொத்தம் முக்கால் சுண்டுத் தண்ணீருக்குக் கிட்டப் போகும், மாவைப் பொறுத்து முன்பின்னாகும். ஒரே இடத்தில் கொட்டினால் அந்த இடம் கூழாகும், சுற்றியிருப்பது உலர்ந்த மாவாகவே கிடக்கும். கைப்பிடி எடுத்துப் பொத்தினால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வந்ததும் வெறும் சுண்டின் விளிம்பால் கொத்தத் தொடங்கலாம். சுண்டைக் குத்தித் திருப்பி, குத்தித் திருப்பி, மிளகுப் பருமனுக்கு வரும்வரை கொத்த வேண்டும். அரைவாசியில் நிறுத்திவிட்டால் பெரிய கட்டிகளின் உள்ளே ஆவி போகாது, கடிக்கிறபோது பச்சை மா தட்டுப்படும்.

மாவைக் கொத்தி முடித்த பிறகுதான் தேங்காய்ப்பூவை, அதாவது துருவிய தேங்காயை, போட வேண்டும். முதலே போட்டுக் கொத்தினால் தேங்காயில் இருந்து பால் இறங்கி மா ஒன்றோடொன்று ஒட்டும். பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் அள்ளிப் போடுவதோடு சரி, அமத்தக் கூடாது. ஓலைப் பின்னலின் நடுவால் ஆவி ஏறி, மேல்மாவில் ஆவி பறக்கத் தொடங்கியதில் இருந்து பத்து நிமிடம். அலுமினியப் பானையில் அவிக்கிற புட்டில் பனையோலை வாசம் வராது, மூடியில் இருந்து வேர்வைத் தண்ணீர் சொட்டி மேற்பகுதி நனையவும் பார்க்கும். நீத்துப்பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைப்பது ஒரு வேலைதான். அந்த வாசத்துக்காக அந்த வேலையைச் செய்யலாம்.

தண்ணீர் கூடிவிட்டதா? அவிக்க முன்னம் என்றால் ஒரு கைப்பிடி அவித்த கோதுமை மா தூவி மறுபடி கொத்துங்கள். அவித்த பிறகுதான் தெரிந்தது என்றால் சூட்டோடு சுளகில் பரப்பி அகப்பைக் காம்பால் உடைத்துவிட்டு, கெட்டிச் சொதி இல்லாமல் சம்பலோடு கொடுங்கள். தண்ணீர் குறைந்த புட்டு தொண்டையில் அடைக்கும். அதற்கு மேலாலே கொஞ்சம் வெந்நீர் தெளித்து இன்னும் மூன்று நிமிடம் அவித்தால் மீளும்.

இந்த ஒரு புட்டில் இருந்தே ஒரு மாதத்துக்கு வழி இருக்கிறது. அரிசி மாவில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் குரக்கன் மா போட்டால் குரக்கன் புட்டு. குரக்கனுக்குக் கொதிதண்ணீர் விட்டால் உடனே பசையாகிவிடும், ஆகவே நகச்சூட்டுத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசற வேண்டும். தேங்காய்ப்பூவும் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் வாயில் மண் போல இருக்கும். உழுத்தம்மாப் புட்டுக்கு உழுந்தை வாசம் வரும்வரை வறுத்துத் திரித்து, அரிசி மா இரண்டு பங்குக்கு உழுத்தம்மா ஒரு பங்கு. அதோடு பனங்கட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்தால் மத்தியானம்வரை பசிக்காது. சோதனைக்குப் போகிற பிள்ளைக்கு அதைப்போல ஒன்றில்லை.

கீரைப் புட்டுக்கு முருங்கையிலை இரண்டு கைப்பிடி. இலையை உருவி, காம்பு இல்லாமல் பார்த்து, கழுவி, துணியில் ஒற்றி ஈரம் எடுத்த பிறகு அரிய வேண்டும். ஈர இலை போட்டால் அந்த ஈரமே மாவைக் களியாக்கும். வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக அரிந்து சேர்த்து, தேங்காய்ப்பூ போடுகிற நேரத்தில் கலந்தால் சரி. அதற்கு மேலதிகமாகச் சம்பல் வேண்டியதில்லை, ஒரு முட்டைப் பொரியல் போதும். பால்புட்டு இன்னொரு பக்கம். தேங்காய் முதற்பாலில் உப்பும் கொஞ்சம் சீனியும் கரைத்து, கொதிக்க விடாமல் சூடாக்கி, அவித்து இறக்கிய புட்டில் ஊற்றி மூடி ஐந்து நிமிடம் விட வேண்டும். பல்லில்லாத பெரியவர்களும் பால்பற் பிள்ளைகளும் அடம்பிடிக்காமல் சாப்பிடுவார்கள்.

ஒடியல் புட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பலர் பழுதாக்குவது இதைத்தான். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தது ஒடியல், அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். புட்டுக்கும் கூழுக்கும் ஒடியல் மா. அதைப் பைக்கற்றில் இருந்து நேரே எடுத்துக் கொத்தக் கூடாது. ஒரு சுண்டு மாவுக்கு ஒரு பெரிய சட்டி தண்ணீர் விட்டுக் கரைத்து, ஒரு மணித்தியாலம் வைத்தால் மா அடியில் படியும், மேலே மஞ்சள் தண்ணீர் நிற்கும். அதை வார்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். குறைந்தது இரண்டு தரம். கசப்பும் உடம்புக்கு ஒவ்வாததும் அந்தத் தண்ணீரோடுதான் போகும். பிறகு துணியில் கட்டி, மேலே பாரம் வைத்து, ஈரத்தைப் பிழிந்தெடுத்து, விரலால் உதிர்த்தால் புட்டுப் பதமாக இருக்கும், வேறு தண்ணீர் தேவையில்லை. தேங்காய்ப்பூ, முருங்கையிலை, பச்சை மிளகாய், மஞ்சளும் உப்பும் போட்டு அரை அவியல் அவித்த சின்ன இறால் எல்லாம் கலந்து இருபது நிமிடம் நன்றாக அவிய விட வேண்டும். வேலைக்குப் போகிற நாளுக்கு இது சரிவராது. முதல் நாள் இரவே கரைத்து வார்த்து, துணியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டால் ஞாயிறு காலைக்கு வசதி.

இடியப்பத்தில் பிழைப்பது அநேகமாகத் தண்ணீரின் சூடு. அரிசி மாவுக்குக் கொதிக்கக் கொதிக்க விட வேண்டும். அவித்த கோதுமை மாவுக்கு அவ்வளவு சூடு வேண்டாம், கொதித்து இரண்டு நிமிடம் ஆறியது போதும். இரண்டையும் கலக்கிற வீடுகளில் அரிசி மாவை முதலில் கொதிதண்ணீரில் குழைத்துவிட்டுக் கோதுமை மாவைப் பிறகு சேர்ப்பது நல்லது. பிழிய உரல் இறுகினால் மாவுக்குத் தண்ணீர் போதாது, அல்லது மா ஆறிவிட்டது. இழை தட்டில் விழுந்ததும் ஒன்றாக ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது. ஆறேழு நிமிடத்தில் அவிந்துவிடும். மிஞ்சினால் அடுத்த நாள் காலைக்கு இடியப்பக் கொத்து. ஆறிய இடியப்பமாக இருக்க வேண்டும், சூடானதைத் தாச்சியில் போட்டால் கூழாகும். வெங்காயம், லீக்ஸ், கரட், கறிவேப்பிலை வதக்கி, முட்டை உடைத்து ஊற்றிக் கிளறி, கடைசியில் உதிர்த்த இடியப்பத்தைப் போட்டு இரண்டு நிமிடம் பிரட்டுங்கள். முதல் நாள் இரவுக் கறியில் இரண்டு கரண்டி மிச்சம் இருந்தால் அதுவும் சேரட்டும்.

இனித் தேங்காய். 2025இல் காய் ஒன்று இருநூறு ரூபாயையும் தாண்டிப் போனபோது, ஒரு காலைக்கு ஒரு தேங்காய் என்கிற கணக்கு எல்லா வீட்டிலும் இறுகியது. நடுத்தரக் காய் ஒன்றை நாலு பங்காகப் பார்க்கலாம். ஒரு பங்கு புட்டுக்கு, ஒரு பங்கு சம்பலுக்கு, மற்ற இரண்டு பங்கு பாலுக்கு. இடியப்பம் என்றால் புட்டுப் பங்கும் பாலுக்குப் போகும். துருவுகிறபோது ஓட்டோடு ஒட்டிய கறுப்புப் பகுதி வரும்வரை போகாமல் வெள்ளையாகத் துருவியதைப் பாலுக்கும், பிறகு வருகிற மண்ணிறப் பூவைச் சம்பலுக்கும் வைத்தால் சொதி நிறம் கெடாது.

சொதிக்குப் பாதித் தேங்காய்ப்பூவில் அரைச் சுண்டு இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிழிந்தது முதற்பால், பிறகு ஒன்றரைச் சுண்டு விட்டுப் பிழிந்தது இரண்டாம் பால். இரண்டாம் பாலில் அரிந்த வெங்காயம் ஏழெட்டு, கீறிய பச்சை மிளகாய் நாலு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு போட்டு வெங்காயம் அவியும்வரை கொதிக்கலாம், பயமில்லை. முதற்பால் விட்ட பிறகுதான் கவனம். நெருப்பைக் குறைத்து, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நின்று, ஓரத்தில் முதல் நுரை கட்டியதும் இறக்க வேண்டும். தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி, சொதியை இறக்கி ஐந்து நிமிடத்துக்குப் பிறகு. அடுப்பில் இருக்கையில் பிழிந்தால் சூடும் புளியும் சேர்ந்து பால் திரைந்து, மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாகப் பிரிந்துவிடும். திரைந்த சொதியைத் திரும்ப ஒன்றாக்க வழியில்லை.

இந்த அடிச்சொதியில் ஒவ்வொரு நாளும் ஒரு பொருள் மாறட்டும். ஒரு நாள் தக்காளி இரண்டு. ஒரு நாள் அவித்த முட்டையைப் பாதியாகப் பிளந்து போட்டது. ஒரு நாள் முருங்கையிலை, முதற்பால் விடுவதற்கு இரண்டு நிமிடம் முன்பாக. மாங்காய்க் காலத்தில் புளிமாங்காய்த் துண்டு, அன்றைக்குத் தேசிக்காய் வேண்டாம். சந்தையில் விளைமீன் கிடைத்த நாளுக்கு அடுத்த காலை அதன் தலையோடு மீன்சொதி, உள்ளியும் மிளகும் தட்டிப் போட்டு. இடியப்பம் அதேதான், ஆனால் "இண்டைக்கும் இடியப்பமோ" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சம்பலிலும் அப்படியே. செத்தல் மிளகாயைக் கொஞ்ச எண்ணெயில் நிறம் மாறும்வரை மட்டும் பொரித்து, உப்போடு முதலில் இடித்து, பிறகு தேங்காய்ப்பூ, கடைசியில் வெங்காயம். வெங்காயத்தை முதலே போட்டு இடித்தால் தண்ணீர் விட்டுக் கசக்கும். கிறைண்டரில் செய்கிறவர்கள் விட்டு விட்டுச் சுழற்றினால்தான் இடித்ததற்குக் கிட்ட வரும், ஓட விட்டால் சட்னியாகிவிடும். செத்தலை விட்டுவிட்டுப் பச்சை மிளகாயும் இஞ்சித் துண்டும் வைத்து அரைத்தால் தோசைக்கும் இட்டலிக்கும் ஆன வெள்ளைச் சம்பல். வல்லாரையைப் பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிக்காய் சேர்த்துப் பிசைந்தால் இன்னொன்று. கத்தரிக்காயை நெருப்பில் சுட்டுத் தோலுரித்து, பச்சை வெங்காயமும் பச்சை மிளகாயும் கெட்டிப்பாலும் தேசிக்காயும் சேர்த்துக் குழைத்த சம்பல் புட்டுக்கு மிக நல்ல பொருத்தம், ஏனென்றால் உலர்ந்த புட்டுக்கு அந்த ஈரம் வேண்டும். பிரண்டைச் சம்பல் செய்கிறவர்கள் நார் உரித்து, எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, பழப்புளி கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும்.

தோசைக்கு எங்கள் ஊர்க் கணக்கு வேறு. உழுந்து ஒரு சுண்டு, வெள்ளைப் பச்சை அரிசி ஒரு சுண்டு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, நாலைந்து மணித்தியாலம் ஊறியதும் ஒரு பிடி சோறும் சேர்த்து அரைத்து, அவித்த கோதுமை மா ஒரு சுண்டைக் கட்டியில்லாமல் கரைத்து விட்டு இரவு புளிக்க விட வேண்டும். காலையில் வெங்காயம், செத்தல் மிளகாய், சீரகம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை தாளித்து, கொஞ்சம் மஞ்சளோடு மாவிலேயே கொட்டிச் சுட்டால் மொத்தமான, மெத்தென்ற மஞ்சள் தோசை. மார்கழிக் குளிரில் மா பொங்காது. பாத்திரத்தை வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கி வைத்து, உப்பைக் காலையில் போடுங்கள். மூன்றாம் நாள் புளிப்புக் கூடிய மாவைப் பச்சை மிளகாயும் வெங்காயமும் கூட்டிப் பணியாரக் குழியில் ஊற்றினால் அந்தப் புளிப்பே ருசியாகும்.

அப்பம் விடுமுறை நாளுக்கு. அரைத்த பச்சை அரிசி மாவில் இரண்டு மேசைக்கரண்டியை எடுத்துத் தண்ணீரில் காய்ச்சிக் கஞ்சியாக்கி, ஆறிய பிறகு மிச்ச மாவோடு கலந்தால்தான் நடு மெத்தென்று வரும், இந்த ஒரு படியைத் தவறவிடுகிறவர்கள்தான் அப்பம் கல்லாகிறது என்று கவலைப்படுகிறார்கள். கள்ளுக் கிடைத்தால் கள்ளு, இல்லாவிட்டால் அரைத் தேக்கரண்டி ஈஸ்ற். காலையில் முதற்பால், உப்பு, ஒரு தேக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. அப்பத்தாச்சியை வேறு எதற்கும் பாவிக்க வேண்டாம், சவர்க்காரம் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். ஒருதரம் கறி வைத்தால் அடுத்த பத்து அப்பமும் ஒட்டும்.

மாவே இல்லாத காலைகளும் நடுவில் வர வேண்டும். கவுப்பியோ கடலையோ இரவே ஊறப் போட்டு, காலையில் அவித்து, செத்தல் மிளகாயும் வெங்காயமும் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவினால் அரை மணித்தியால வேலை. பயறு என்றால் பனங்கட்டியும் தேங்காய்ப்பூவும். மரவள்ளிக் கிழங்கு அவித்து இடிச்ச சம்பலோடு வைத்தால் யாரும் மறுப்பதில்லை. பழஞ்சோறும் இந்த வரிசையில்தான். இரவு மிஞ்சிய சிவப்பரிசிச் சோற்றை ஆறிய உடனேயே தண்ணீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும், மணிக்கணக்காக வெளியே கிடந்த சோற்றுக்கு விடியப்புறம் தண்ணீர் விட்டால் வயிற்றைக் கெடுக்கும். காலையில் பிழிந்தெடுத்து, தயிர் அல்லது தேங்காய்ப்பால், வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய், முதல் நாள் மீன்குழம்பு கொஞ்சம் போட்டுக் குழைத்து, உருண்டை உருண்டையாகக் கையில் வைத்துக் கொடுத்தால் சட்டி காலியாகும்.

மழை தொடங்கினால் இலைக்கஞ்சி. வேலிகளில் முசுட்டையும் தூதுவளையும் தளிர்க்கிற ஐப்பசி, கார்த்திகையில் இதற்குப் பணம் தேவையில்லை. சிவப்புப் பச்சை அரிசியோ மா அரித்த கப்பியோ அரைச் சுண்டை நிறையத் தண்ணீரில் குழைய அவித்து, இரண்டாம் பாலை விட்டுக் கொதித்ததும், இரண்டு பிடி இலையை அரைத்து வடித்த சாற்றைக் கடைசியாக ஊற்ற வேண்டும். ஒரே ஒரு கொதி. அதற்கு மேல் அடுப்பில் நின்றால் பச்சை நிறம் போய் மண்ணிறமாகும், இலை வாசமும் போகும். தேசிக்காயும் உப்பும் இறக்கிய பிறகு, கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி.

வைகாசியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சந்தைக்கு வந்துவிட்டால் வேறு கணக்கு. வெறும் அரிசி மாப் புட்டு, தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடுதலாக, உப்புக் கொஞ்சம் குறைவாக. பழத்தை முதல் நாளே தண்ணீரில் போட்டுப் பால் போகக் கழுவி, காம்புப் பக்கம் விரலால் அமத்தினால் இளகுகிற பழமாகப் பார்த்து எடுங்கள். புட்டு ஆறியிருக்க வேண்டும், சூட்டுப் புட்டில் பழம் தண்ணீர் விட்டுவிடும். பழத்தைத் தோலோடு சீவி, கோப்பைக்கு மேலேயே பிழிந்து, கையால் குழையுங்கள். அன்றைக்குச் சொதியும் வேண்டாம், சம்பலும் வேண்டாம்.